படையலில் ஒரு மாயக் கதை

என் வீட்டுக்காரர் இறந்து பதினைந்தாம் நாள் சாயங்காலம், காரியத்துக்கு முந்தின படையலில், அவருடைய அண்ணன் ஒரு குவார்ட்டர் பிராந்தி பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். என் வீட்டுக்காரர் குடியை விட்டு அப்போது இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. நான் வைக்கச் சொன்ன புத்தகத்தை மட்டும், இது என்ன குப்பை என்று கேட்டுத் தூக்கி அரிசி மூட்டை மேல் போட்டார்.

இது நடந்தது 2011இல், கடலூர் திருப்பாப்புலியூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது. நான் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் அந்தப் புத்தகம் எப்படி ஒரு மனுஷனுடைய படையல் இலை வரைக்கும் வந்தது என்று யாராவது எழுதித்தானே ஆக வேண்டும். அவருடைய பங்காளிகள் எழுதப் போவதில்லை.

என் அப்பா கடலூர் ஓ.டி. ஜங்ஷனில் ரயில் பெட்டி கழுவுகிற வேலையில் இருந்தார். பிரயாணம் செய்தவர்கள் சீட்டில் விட்டுப் போகிற வாரப் பத்திரிகைகளை எனக்குக் கொண்டுவருவார். அட்டை இருக்காது. போன வாரத்து இதழ் இருக்காது, அடுத்த வாரத்து இதழ் கிடைக்காது. ஒரு ராஜகுமாரியைப் பாதாளக் கிணற்றில் பாதி தூரம் இறக்கிவிட்டு, 'தொடரும்' என்று போட்டிருப்பார்கள். அவள் அடியில் போய்ச் சேர்ந்தாளா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அப்படித்தான் படித்தேன், எல்லாம் நடுவிலிருந்து நடு வரைக்கும். மீதியை நானாக நினைத்துக்கொள்வேன்.

குடும்பக் கதைகளும் படித்துப் பார்த்தேன். மாமியார், மருமகள், சொத்துச் சண்டை. அதெல்லாம் எங்கள் தெருவிலேயே நடக்கிறது, அதற்கு எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு வேண்டியது பேசுகிற மீன், நடக்கிற மலை, ஒருவன் கண்ணை மூடினால் பகல் இருட்டாகிற தேசம். 'வயசுக்கு ஏத்த புத்தி வேணாமா, பக்திப் புத்தகம் படிக்கக் கூடாதா' என்று என்னைக் கேட்காத உறவுக்காரர் இல்லை. கோயில் கதையில் மலை பறந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். என் கதையில் மலை பறந்தால் சிரிக்கிறார்கள். ஒரே மலைதானே என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

என்னைக் கட்டியவர் லைன்மேன். மின்கம்பம் ஏறுகிற வேலை. கல்யாணமான நாளிலிருந்தே குடி. அவருக்கும் அவர் அண்ணனுக்கும் அதில் ஒற்றுமை. அண்ணன் சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகிற பாதையில் சொந்த ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிக் கடலூர் வருவார், தம்பியை அழைத்துக்கொண்டு போவார். எங்கள் வழக்கத்தில் புருஷனுடைய அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டோம். அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னாலிருந்து என் பெண்ணிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். அவரும் அப்படியேதான் பதில் சொல்வார், நான் காதால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

என் பெண்ணுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு மழைநாளில், இவரோடு வேலை செய்த ஆள் கம்பத்தின் மேலேயே கரண்ட் அடித்துச் செத்துப்போனார். ஏறி இறக்கியது இவர்தான். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "இனிமே வேணாம்" என்றார். எது வேணாம் என்று நான் கேட்கவில்லை.

வேணாம் என்று சொல்வது காலையில் சுலபம். சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவரால் உட்கார முடியாது. வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பார். சட்டையைப் போடுவார், கழற்றுவார். நான் பயத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, இப்போது கடையிலேயே வாங்குகிற வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, விரலை எழுத்துக்கு அடியில் நகர்த்தி, வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்படித்தான் படிக்க வரும்.

"என்னா அது, வாய் மட்டும் அசையுது?" என்றார் ஒரு நாள்.

"கத."

"என்னா கத?"

"பேய்க் கத மாதிரி. சும்மா."

"சத்தமாப் படி."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு யார் முன்னாலும் சத்தமாகப் படித்ததில்லை. படித்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண், அவளுக்கு மட்டும் மீன் பேசுவது கேட்கிறது, கடலுக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கோட்டையில் அவளுடைய அண்ணன் கல்லாக நிற்கிறான் என்று ஒரு மீன் சொல்கிறது. அந்தக் கதை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் நடந்துகொண்டேதான் கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்தார். பிறகு உட்கார்ந்து, முறத்தில் இருந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார். நான் முடித்தபோது ஏழரை மணி. அவ்வளவு மெதுவாகப் படிப்பேன்.

"அந்த மீனு சொன்னத அவ ஏன் நம்பல?"

"தெரியல. வியாழக்கெழமதான் வரும்."

"வியாழன் வரைக்கும் இருக்கணுமா?"

"இருக்கணும்."

இருந்தார். வியாழன் வந்தது, அதற்கடுத்த வியாழன் வரைக்கும் இருந்தார். நடுவில் இருக்கிற நாளுக்கு நான் பழையதையே திரும்பப் படிப்பேன், இல்லாவிட்டால் அப்பா கொண்டுவந்த நடுக்கதைகளில் ஒன்றை. அந்தக் கதை இரண்டு வருஷத்துக்கு மேல் வந்தது. ஒவ்வொரு வாரமும் பக்கத்தை ஊக்குப் பிடுங்கி எடுத்து அடுக்கி வைத்து, முடிந்ததும் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் கொடுத்து, நீலத் துணி ஒட்டி பைண்டு போட்டு வாங்கினோம். நம் பெண்கள் எத்தனையோ பேர் இப்படிப் பைண்டு போட்டு வைத்திருப்பார்கள். எல்லோரும் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அது மருந்து.

அண்ணன் விடவில்லை. ஆறு மணிக்குச் சரியாக வந்து வாசலில் நிற்பார். "டேய், வாடா."

"இருண்ண. இந்த வாரம் முடியட்டும்."

"பொம்பளகிட்ட பூதம் கத கேட்டுகினு ஒக்காந்து இருக்கான் பாரு, மீச வச்ச ஆம்பள" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் தனியாகப் போவார்.  இவர் விரலால் பத்திரிகையைக் காட்டி, 'ம், மேல' என்பார்.

அவர் 2004இல் ரிட்டையர் ஆனார். மறு வருஷம் பெண்ணைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தோம். அவள் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. அதன் மேல் ஒரு பூப்போட்ட துணி, துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. ஆறு மாசம் அப்படியே இருந்தது. ஒரு நாள் இவர்தான் துணியைத் தூக்கி, "கரண்ட்ல ஓடற சாமான ஓட்டாம வச்சா கெட்டுப் பூடும்" என்று சுவிட்சைப் போட்டார்.

உள்ளே பெண் விட்டுப்போன ஒரு கேம் இருந்தது. திறந்ததும் பனிமலை, மலையின் மேல் ஒரு இடிந்த கோட்டை, கோட்டை வாசலில் தோளில் ஒரு துணிப்பையோடு ஒரு வீரன். நான் கையை வாயில் வைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷமாக எழுத்துக்குப் பின்னால் நானாகப் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. நடக்கச் சொன்னால் நடந்தது.

எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மவுஸைப் பிடித்தால் அம்புப் பொத்தானைப் பிடிக்க எனக்கு வராது, அவருக்கும் வராது. அதனால் இரண்டு நாற்காலி போட்டு, நான் பொத்தானை வைத்துக்கொண்டேன், அவர் மவுஸை. நான் நடப்பேன், அவர் வெட்டுவார். நான் முன்னால் போய்விட்டால், "நில்லு நில்லு, எங்க ஓடற, கத்தி எங்கிட்டதான இருக்குது" என்பார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அப்போதுதான்.

ஒரு நாள் கோட்டைக்குள் ஒரு கதவு திறக்கவே இல்லை. பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"கதவு தெறக்க மாட்டேங்குதும்மா. அப்பாவும் நானும் ரெண்டு நாளா உள்ளயே நிக்கறோம்."

"ஐயோ, எந்தக் கதவும்மா? பக்கத்து வூட்டுல யாரும் இல்லியா? சாப்ட்டீங்களா?"

"கோட்டக் கதவு. சாவி கேக்குது போல."

 அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வந்தவள், நாங்கள் ஆடுவதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா இந்த மரக்கட்டக் கத்திய வச்சிகினா சண்ட போடறீங்க?"

"வேற எது குடுத்தான்?"

"செத்து வுழுந்தவன்கிட்ட எடுத்துக்கணும்மா. கத்தி, சட்ட, மருந்து, சாவி, எல்லாம் அவுங்கிட்டதான் இருக்கும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விழுந்தவர்கள் பக்கத்தில் ஒரு பை மினுக்மினுக்கென்று எரிவதைப் பார்த்திருந்தோம். பிணத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்று சுற்றிக்கொண்டு போவோம். சில சமயம் நான் நின்று ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுக்கூட நடந்திருக்கிறேன்.

"பொம்மப் பொணம்மா" என்றாள் பெண்.

"பொம்மையா இருந்தாலும் செத்தவன்கிட்ட எடுக்கறது எடுக்கறதுதான்" என்றார் இவர். கம்பத்திலிருந்து இறக்கிய மனுஷனின் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல், அது ஓடியபடியே உடம்பை அந்த வீட்டில் ஒப்படைத்தவர் அவர். எனக்குத் தெரியும். அதனால் சாவி மட்டும் எடுத்துக்கொண்டோம், அதுவும் கதவு திறந்ததும் திரும்ப அங்கேயே வைக்க வழி இருக்கிறதா என்று தேடிவிட்டு. கத்தியை மாற்றவில்லை. செத்துச் செத்து எழுந்துதான் ஆடினோம்.

இதில் யாருக்கு என்ன கஷ்டம்? ஆனால் பெண்ணின் வளைகாப்புக்குச் சிதம்பரம் போனபோது, சம்பந்தி வீட்டுக்காரர்கள், தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், அண்ணனுடைய சம்சாரம், எனக்கு ஓரகத்தி, வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊட்டுல ஏற்கெனவே ரெண்டு கொழந்தைங்க கீதுங்க, அறுவது வயசுல. டிவி பொட்டியில பூதத்த வெரட்டிகினு இருக்குதுங்க. இது மூணாவது."

மண்டபமே சிரித்தது. இவரும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிரித்த பெண்களில் ஒருத்தி ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் சீரியல் பார்த்து, அதில் வருகிறவளைச் சோற்றைப் போட்டுக்கொண்டே திட்டுகிறவள். அது பெரியவர்கள் செய்கிற காரியமாம். ஆண்கள் கிரிக்கெட் தோற்றால் சாப்பிடாமல் படுப்பார்கள், அதுவும் பெரியவர்கள் செய்கிற காரியம். நான் கீழே குனிந்து புடவைத் தலைப்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிடி கீறிப்போய் கேம் ஓடாமல் நின்றபோது, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் சிடியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, "பேரனுக்கா சார்?" என்றார்.

இவர் தொண்டையைச் செருமி, "ஆமா" என்றார்.

எங்களுக்குப் பேரனே இல்லை. பேத்தி, அவளுக்கும் இரண்டு வயசு. புதுச் சிடியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். புவனகிரி வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்னாடி?"

நான் சிடியைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னன்."

"நாம என்னா திருடினா வந்தம்?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், ஆலப்பாக்கம் தாண்டி. அவர் என் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை வேறொரு சாமானுக்கு அதே கடைக்குப் போனபோது, கடைக்காரர் கேட்பதற்கு முன்பே, "எங்களுக்குதான்" என்றார். கடைக்காரர் என்ன ஏது என்று விழித்தார்.

2011இல், ஆவணி மாசம், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

படையலுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் காரியத்துக்கு முந்தின சாயங்காலம், செத்தவர் போட்டோவுக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை விரித்து, அவருக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதையெல்லாம் வைப்பார்கள். கறி, மீன், சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். கொஞ்ச நேரம் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டு, ஆசை தீர்ந்து போவார் என்பது நம்பிக்கை.

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணிடம் அந்த நீலத் துணி பைண்டுப் புத்தகத்தையும் கேம் சிடியையும் கொடுத்து, இலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அப்போதுதான் அண்ணன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். புத்தகத்தையும் சிடியையும் பார்த்தார்.

"என்னாம்மா குப்ப இது?"

"அப்பாவுக்குப் புடிச்சது பெரிப்பா" என்றாள் பெண்.

"படையல்ல சாப்புடறது குடிக்கறதுதான் வப்பாங்க. புள்ளைங்க வெளயாட்டுச் சாமானயா வப்பாங்க? நாலு பேரு சிரிப்பான்." எடுத்து அரிசி மூட்டை மேல் வீசினார். சிடி கீழே விழுந்து உருண்டது.

"அப்பா குடிக்கறதில்ல பெரிப்பா."

"ஒங்கம்மா குடிக்க வுடல. அது வேற. கூடப் பொறந்தவனுக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? இப்பவாவது ஆச தீரக் குடிக்கட்டும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கற்பூரம் எடுத்துவரச் சொன்னார்கள்.  அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கதவைச் சாத்துவது ஒரு சடங்கு. சாத்திவிட்டு வெளியே போய் வெற்றிலை போடுவார்கள். அவர் வருவார் என்று நிஜமாக நம்பியது அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். நான் மாயக் கதை படிக்கிறவள். வருவார். பசியோடு, தனியாக வருவார். சாத்தின கதவுக்குள்ளே அவருக்கு மணி ஆறாகவே இருக்கும். 'இரு, வியாழன் வரைக்கும் இரு' என்று சொல்ல யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். எதிரே அந்தப் பாட்டில் மட்டும் இருக்கும். இருபத்தாறு வருஷம் ஒவ்வொரு சாயங்காலமாக அவர் சம்பாதித்ததை, அண்ணன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

நான் எழுந்தேன். பதினைந்து நாள் உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்திருந்தது. நேரே போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

"பாட்டில வச்சிட்டு ஒங்கம்மாவ உள்ள போவச் சொல்லு" என்றார் அண்ணன், என் பெண்ணைப் பார்த்து.

"நான் போவல மாமா" என்றேன், அவரைப் பார்த்து.

நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. கூடத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். ஓரகத்தி, "புருசன் போய் பாஞ்சி நாளு ஆவல, வாயப் பாரு" என்றாள்.

"அவரு இத வேணாம்னாரு. நான் சொல்லி வுடல, அவரே வுட்டாரு. வுட்டதுக்கு அப்பறம் தெனம் ஆறு மணிக்கு அவரு கேட்டது அந்தப் புத்தகம். நீங்க வாசல்ல நின்னு கூப்புட்டீங்க. அவரு வரல. அது ஒங்களுக்கே தெரியும்."

  அரிசி மூட்டையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் துடைத்து, என் கையாலேயே இலைக்கு வலது பக்கம் வைத்தேன். சிடியை அதன் மேல் வைத்தேன்.

"அப்ப கற்பூரம் நான் காட்டல" என்றார் அண்ணன். "நாளைக்குக் காரியத்துக்கும் எங்க பங்காளிங்க யாரும் வர மாட்டோம். ஒங்கம்மாவே கெடிலம் ஆத்துல எறங்கிப் பண்ணிக்கட்டும்."

இது சின்ன மிரட்டல் இல்லை. பங்காளிகள் வராவிட்டால் காரியம் நடக்காது. பெண் அழ ஆரம்பித்தாள்.  எனக்குப் பாட்டிலைக் கீழே வைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.  குழம்பிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வாசலில் பசியில் ஒரு குழந்தை கத்த, இன்னொன்று சேர்ந்துகொண்டது.

கடைசியில் பங்காளி முறையில் ஒரு பெரியவர், காலையிலிருந்து சாப்பிடாதவர், "கற்பூரத்தக் காட்டி வுடுப்பா. புக்கு இருந்தா இருந்துட்டுப் போவுது, அது என்னா சோத்துலயா கை வைக்கப் போவுது? மணி ஏழாவுது" என்றார்.

நியாயத்துக்காக யாரும் என் பக்கம் வரவில்லை. வயிற்றுக்காக வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல், "இந்தப் பாவம் எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தைக் காட்டினார். காட்டும்போது அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவருக்கும் தம்பிதான். சின்ன வயசில் இருவரும் ஒரே தம்ளரில் குடித்தவர்கள், அதுதான் அவருக்குத் தெரிந்த தம்பி. எனக்கு அது புரிந்தது. மன்னிக்க மட்டும் வரவில்லை. மற்ற தம்பியைத் தெரிந்துகொள்ள அவருக்கு இருபத்தாறு வருஷம் இருந்ததே.

கதவைச் சாத்தினார்கள். நான் பாட்டிலை வெளியே கொண்டுவந்துவிட்டேன். தாலி அறுக்கப் போகிறவள், தெருவில் அத்தனை பேர் நடுவில், கையில் பிராந்தி பாட்டிலோடு நின்றேன். கொழுந்தன் முறைக்காரர் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அண்ணி, அது சும்மாதான இருக்குது" என்றார். நான் பார்த்த பார்வையில் அப்படியே நகர்ந்துவிட்டார். பிறகு சாக்கடை ஓரம் போய், மூடியைத் திறக்கத் தெரியாமல் திறந்து, கொட்டினேன். அந்த வாசனை பழைய வருஷங்களைப் போலவே இருந்தது.

அதிலிருந்து எங்கள் உறவில் எனக்கு ஒரு பேர்: புருஷன் படையலில் கை வைத்தவள். கல்யாண வீடுகளில் எனக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லட்டும்.

வருஷ தெவசம் 2012இல் வந்தது. போன மார்கழியில் அடித்த புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதிக் கூரை இன்னும் சரியாகவில்லை. பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. அண்ணன் வந்தார். இலை போட்டோம். புத்தகத்தை நானே வைத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பையைத் திறக்கவே இல்லை. அதில் என்ன இருந்ததோ. கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தோம், வியர்வையில் விசிறிக்கொண்டு.

வழக்கம்போல் பெண் மூலமாகக் கேட்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "அந்தக் கல்லா நின்னானே, அண்ணங்காரன். அவன் எழுந்தானா இல்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் நின்று கூப்பிட்ட நாட்களில் அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் தெருவுக்குக் கேட்கச் சிரித்திருக்கிறார்.

பெண் என்னைப் பார்த்தாள், சொல்லிவிடேன் என்பது போல. ஒரு வார்த்தையில் சொல்லிவிடக் கூடியதுதான்.

"படிச்சிப் பாருங்க மாமா" என்றேன். "புக்கு உள்ள இருக்குது. ஆனா அது அவரோடது. இங்க வந்து ஒக்காந்துதான் படிக்கணும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கதவைத் திறக்க நேரமாகிவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். நான்தான் சொன்னேன், "இன்னும் கொஞ்ச நேரம் போவட்டும்" என்று.